பெரியண்ணையின் மனம் நோகாமல்

"இறங்கிப் போய் ஒரு ஓரமா நில். வாய் காட்டாதை."

என் கணவர் சிவம் இதைச் சொன்னபோது எங்கள் மோட்டோர்ஹோம் போர்த்துக்கல் நாட்டின் தெற்கே ஒரு கிராமத்து ஒழுங்கைக்குள், இரண்டு வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே இறுகிப்போய் நின்றது. வலப்பக்கச் சுவர் வண்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் ஓர் ஆள் வயிற்றை எக்கிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான். சாரதி ஆசனத்தில் சிவத்தின் அண்ணர்.

ஒழுங்கை முகப்பில் ஊர்ச்சனம் கூடிவிட்டது. பக்கத்துச் சதுக்கத்தில் ஆரஞ்சுத் தோடை மரங்கள் பூத்திருந்தன. அந்தப் பூ வாசத்தையும் மீறிக்கொண்டு கிளச் கருகிய நாற்றம்.

சிவம் என்னோடு "நீர்" போட்டுக் கதைக்கிறவர். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அப்படித்தான். அன்றைக்கு "நீ" என்றார். ஊர் பார்க்க, அண்ணர் பார்க்க.

நான் செய்த குற்றம் இதுதான்: "அண்ணை, இதுக்குள்ளை போகாது, நிப்பாட்டுங்கோ" என்று இரண்டு தரம் சொன்னேன்.

இந்தத் தொடரில் போன கிழமை வந்த பனிக்காலத்து பஸ் கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருந்தார்: "உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்? எழுத்தில் அனல் அடிக்கிறது." கேட்கவேண்டிய கேள்விதான். இந்தக் கிழமை அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

என்னுடைய பயணம்

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் மொன்றியலின் மேற்குப் பக்கத்தில் பள்ளிக்கூட பஸ் ஓடி ஓய்வு பெற்றவள். வீடு ரொக்ஸ்பரோவில். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ வரைக்கும் பிள்ளைகளை ஏற்றி இறக்கியிருக்கிறேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு வகுப்பில் படித்ததல்ல. பின்சீற்றில் ஒருவன் தொப்பியை ஒருவன் பறித்துக்கொண்டு சண்டை பிடித்த பிள்ளைகளிடம் படித்தது.

பஸ் ஓடத் தொடங்கிய காலத்தில் சிவம் அதை வெளியில் சொல்லமாட்டார். "பவானி பள்ளிக்கூடத்தில வேலை" என்பார். கேட்கிறவர்கள் என்னை ரீச்சர் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்தினால் அன்றைக்கு வீட்டில் முகம் கறுக்கும்.

ஓய்வு பெற்றபோது எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. படுக்கையும் அடுப்பும் உள்ளுக்குள்ளேயே இருக்கிற வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, மணி பார்க்காமல், யாருக்கும் பிந்திவிடுமோ என்று பதறாமல் நானே ஓடிக்கொண்டு போகவேண்டும். எங்கள் பஸ் டிப்போவில் என்னோடு வேலை செய்த போர்த்துக்கீசப் பெண் ஒருத்தி இருந்தாள். மார்ச் மாதத்துச் சேற்றுப்பனியில் கால் புதைய நடக்கும்போதெல்லாம், "இப்ப எங்கட பக்கம் வயலெல்லாம் பூ" என்பாள். அதைக் கேட்டுக் கேட்டே போர்த்துக்கல் என் மனதில் ஏறிவிட்டது.

இருவர் படுக்கிற சின்ன வண்டியாகப் பார்த்து நான்தான் பதிவு செய்தேன். அதற்குள் சிவம் ரொறொன்ரோவிலிருக்கும் அண்ணருக்கு ரெலிபோன் எடுத்துவிட்டார்.

"அண்ணையும் அண்ணியும் வரினமாம்."

"என்னட்டை ஒரு சொல் கேட்டனீங்களோ?"

"இதிலை கேக்கிறதுக்கு என்ன இருக்கு? அண்ணையெல்லோ."

"அண்ணையெல்லோ" என்றால் எங்கள் வீட்டில் கதை முடிந்துவிடும். சிவத்தைக் கனடாவுக்குக் கூப்பிட்டவர் அவர். நான் உட்பட எல்லோருக்கும் அவர் பெரியண்ணை. வீடு வாங்கியது அவரைக் கேட்டு. எங்கள் மகனுக்குப் பேர் வைத்தது அவர். நன்றி இருக்கவேண்டியதுதான். அது என்னுடைய ஓய்வுக்காலத்துக்குள்ளும் வந்து குந்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சின்ன வண்டி நாலு பேர் படுக்கிற பெரிய வண்டியாக மாறியது.

கியர் வண்டி

லிஸ்பனில் வண்டியை எடுக்கும்போது மூன்று பேருடைய லைசன்சையும் பதிந்தார்கள். வெளியே வந்ததும் நான் சாரதிப் பக்கக் கதவைத் திறந்தேன். சிவம் என் முழங்கையைப் பிடித்தார்.

"இது கியர் போடுற வண்டி. உம்மட பஸ் ஓட்டோமற்றிக் எல்லோ. அண்ணை ஊரில லொறி ஓடினவர்."

"நானும் கியர் வான் ஓடினனான். வந்த புதுசில லோண்டரிக்குச் சாமான் ஏத்தினது ஆர்?"

"அது எப்பத்தையான் கதை. முதல் நாள் அண்ணை ஓடட்டும். பேந்து பாப்பம்."

அந்தப் "பேந்து" வரவேயில்லை.

பெரியண்ணையைப் பற்றி நேர்மையாகச் சொல்லவேண்டும். கெட்ட மனிதர் அல்ல. உரத்த குரல், வெடிச்சிரிப்பு, தாராளக் கை. ஆனால் அவர் இருக்கிற இடத்தில் மற்றவர்கள் சுருங்கித்தான் இருக்கவேண்டும். வண்டிக்குள் ஏறிய நேரம் தொடக்கம் போர்த்துக்கீசர் யாழ்ப்பாணத்தில் கோயில்களை இடித்த வரலாறு. "எங்கட நல்லூரை இடிச்சவங்களின்ரை சாப்பாட்டில நான் கை வைக்கமாட்டன்" என்றார். பிறகு ஏன் ஐயா வந்தீர்கள் என்று கேட்க நாக்கு உந்தியது. கேட்கவில்லை.

அவர் கடையில் சாப்பிடமாட்டார் என்றால் யார் சமைப்பது? அவருடைய மனைவி மணி அக்காவும் நானும். வெளியே நாரைகள் மின்கம்பத்தின் உச்சியில் கூடு கட்டிக்கொண்டிருந்தன. பட்டை உரித்த கோர்க் மரங்கள் செம்மண் நிறக் காலோடு நின்றன. பச்சைப் புல்லுக்குள் மஞ்சள் பூ, ஊதாப் பூ, நடுவே சிவப்பாய் ஒன்று. நான் பார்த்ததெல்லாம் கரியடுப்பளவு யன்னலால், பருப்புக் கடைந்துகொண்டு.

மணி அக்கா அதிகம் கதைக்கமாட்டா. வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் அவ என் கையைப் பிடிப்பா. தலைச்சுற்றாக்கும் என்று நினைத்தேன்.

பெரியண்ணை ஓடுகிற விதம் எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. வலப்பக்கக் கரையை உரசிக்கொண்டே போவார். ஒரு பெற்றோல் செற்றில் குப்பைத் தொட்டி ஒன்றைச் சாய்த்தார். ஒரு சைக்கிள்காரன் வயலுக்குள் இறங்கித் தப்பினான். சொன்னால், "இஞ்சத்தைய றோட்டு ஒடுக்கம்" என்பார். சிவம் உடனே, "ஓம், சரியான ஒடுக்கம்" என்பார். நான் பின்னால் இருந்து கால் தரையில் அழுந்த, இல்லாத பிறேக்கை மிதித்துக்கொண்டிருந்தேன்.

அப்படித்தான் அந்த ஒழுங்கைக்குள் போய் மாட்டினோம்.

கோப்பிக் கடை

வாய் காட்டாதே என்று சிவம் சொன்னதும் பெரியண்ணை இறங்கி வழிவிட்டார். நான் முன் ஆசனங்களுக்கு நடுவால் புகுந்து, சாரதிப் பக்கக் கதவால் இறங்கி, சுவரோடு சுவராக நடந்து சதுக்கத்துக்கு வந்தேன். காது இரண்டும் கொதித்தன. சதுக்கத்தில் ஒரு கோப்பிக் கடை இருந்தது. வாசல் கதிரையில் போய் இருந்தேன்.

கடைக்காரி என் வயது இருக்கும். தன் பெயர் லூர்த் என்றாள். நான் ஒரு கோப்பி என்று ஆங்கிலத்தில் கேட்க, அவள் தலையாட்டி, பிரெஞ்சு தெரியுமா என்று பிரெஞ்சில் கேட்டாள். பாரிசில் முப்பது வருடத்துக்குக் கிட்ட மாடிவீடுகளைக் கூட்டித் துடைத்துவிட்டு ஊருக்குத் திரும்பியவளாம். என் கியூபெக் உச்சரிப்பைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அது உங்கள் வண்டியா?"

"என் பேரில் எடுத்த வண்டி. ஓடுகிறது வேறு ஆள்."

அவள் ஒழுங்கையை எட்டிப் பார்த்தாள். அங்கே பெரியண்ணை முன்னுக்கு ஒரு சாண், பின்னுக்கு ஒரு சாண் ஆட்டிக்கொண்டிருந்தார். பின்னால் சிவமும் ஊர்க்காரர் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். மூன்று மொழியில் கூச்சல். வண்டி வரவர இறுகியது.

"உங்களுக்கு ஓடத் தெரியாதா?" என்று லூர்த் கேட்டாள்.

"பள்ளிக்கூட பஸ் ஓடினவள்."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்ச் சின்னக் கேக் ஒன்றைக் கொண்டுவந்து கோப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள். முட்டை வாசமும் எலுமிச்சை வாசமும் கலந்து மணத்தது. அந்த நாட்டில் நான் சாப்பிட்ட முதல் பண்டம் அதுதான்.

கொஞ்ச நேரத்தில் சிவம் வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக் கதைத்தார்.

"பவானி, ஒருக்கா வந்து எடும்."

"நீர்" திரும்பி வந்துவிட்டது. நான் எழும்பத்தான் போனேன். உண்மையாகவே கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டேன். அப்போதுதான் மிச்சத்தைச் சொன்னார்.

"அண்ணை பின்னால நிண்டு கை காட்டுவார். அவர் சொல்லச் சொல்ல எடுத்தனீர் எண்டு இருக்கட்டும். சனத்துக்கு முன்னால அவற்ரை மனம் நோகாமல்."

என் மனம் என்று ஒன்று இருப்பது இந்த மனிதருக்கு எப்போதாவது நினைவில் வருமா என்று யோசித்தேன். அரை மணித்தியாலத்துக்கு முன் அதே சனத்துக்கு முன்னால் என்னை ஓரமாகப் போய் நிற்கச் சொன்ன வாய்.

"நான் கோப்பி குடிச்சுக்கொண்டிருக்கிறன்" என்றேன்.

"அது வெறுங்கோப்பையெல்லோ."

"இன்னொண்டு சொல்லப்போறன்."

அவர் நின்று பார்த்தார். பிறகு திரும்பிப் போனார். லூர்த்திடம் இன்னொரு கோப்பி கேட்டேன். 

யன்னலில் நின்றவள்

இரண்டாவது கோப்பி பாதியாக இருக்கும்போது ஒழுங்கைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. விடாமல் கத்தினாள். "யனேலா" என்று ஒரு சொல் அடிக்கடி வந்தது. நம்முடைய யன்னல். மேசை, அலுமாரி, சப்பாத்து போல அவர்களிடமிருந்து வந்து எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்ட சொல். முன்பின் தெரியாத மொழியில் அது மட்டும் விளங்கியது.

"என்ன சொல்கிறாள்?" என்று லூர்த்தைக் கேட்டேன்.

"அவள் செலஸ்தே. உங்கள் வண்டி அவளுடைய கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வீட்டுக்கு வேறு வாசல் இல்லை, பின்பக்கம் பாறை. யன்னலிலே கம்பி, யன்னலால் குதிக்கச் சொல்கிறீர்களா என்று உங்கள் ஆட்களைக் கேட்கிறாள். பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் அவளுக்குப் பின்னேர வேலை. பஸ் வரப்போகிறது. போன மாதமும் ஒருநாள் பிந்தியவள். இனிப் பிந்தினால் வேலை இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள்."

நான் எழும்பினேன்.

அந்த இரண்டு ஆண்களுக்காக எழும்பவில்லை. ஒரு பெண் வேலைக்குப் போக உடுத்திக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நிற்கிறாள். பிந்துவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என் வாழ்க்கை முழுவதும் அந்தப் பயத்தில் போனது.

பெரியண்ணையிடம் போய், "இறங்குங்கோ" என்றேன். குரலை உயர்த்தவில்லை. அவர் சிவத்தைப் பார்த்தார். சிவம் நிலத்தைப் பார்த்தார். பெரியண்ணை இறங்கினார்.

"எல்லாரும் சதுக்கத்துக்குப் போங்கோ. ஒருத்தரும் கை காட்டவேண்டாம்."

லூர்த்தை மட்டும் பின்னால் நிற்கச் சொன்னேன். வண்டியின் பக்கக் கண்ணாடிகளை மடித்தேன். மணி அக்கா பின்கட்டிலில் படுத்திருந்தா. பக்கக் கதவு சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது, என்னைப்போல முன்னால் புகுந்து இறங்க அவ முயலவில்லை.

பள்ளிக்கூட பஸ்ஸைப் பின்னால் எடுக்கக்கூடாது என்பதுதான் எங்களுக்கு முதல் பாடம். ஆகையால் நான் ஏதோ வித்தை காட்டினேன் என்று எண்ணவேண்டாம். லூர்த் "வலம்" என்றால் வலம், "நில்" என்றால் நின்றேன். அதிலும் கூரையோரத்தில் சுருட்டி வைத்திருந்த வெயில்மறைப்பு செலஸ்தேயின் யன்னல் கம்பியில் கொளுவி, கிழிந்து தொங்கியது. அவளுடைய சுவரில் வெள்ளை பெயர்ந்து நீளக் கோடு விழுந்தது. எவ்வளவு நேரம் எடுத்ததென்று தெரியாது. வண்டி சதுக்கத்துக்கு வந்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

செலஸ்தே நீலச் சீருடையோடு ஓடிவந்தாள். நாற்பது வயதுக்காரி. பஸ் போய்விட்டது. என்னைப் பார்த்துத் திட்டினாள். அவள் திட்டியதில் நியாயம் இருந்தது. லூர்த் மொழிபெயர்க்க வாயெடுக்க, வேண்டாம் என்று தலையாட்டி, பக்கத்து ஆசனத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.

"ஏறும்" என்று தமிழில் சொன்னேன். விளங்கிவிட்டது. ஏறினாள்.

சிவமும் பெரியண்ணையும் தோடை மரத்துக்குக் கீழே நின்றார்கள். சிவம் ஒரு அடி முன்னே வந்தார். நான் நிறுத்தவில்லை.

மணி அக்கா சொன்னது

செலஸ்தேயை முதியோர் இல்ல வாசலில் இறக்கிவிட்டோம். கொஞ்சம் பிந்தித்தான். வாசலில் நின்ற மேற்பார்வைக்காரிக்கு அவள் எங்கள் கிழிந்த வெயில்மறைப்பைக் கையால் காட்டினாள். மேற்பார்வைக்காரி வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போகும்படி தலையசைத்தாள்.

திரும்பி வரும் வழியில் மணி அக்கா முன் ஆசனத்துக்கு வந்து இருந்தா.

"பவா, கொஞ்சம் நிப்பாட்டும். உடனை போகவேண்டாம்."

பூ நிறைந்த வயல் ஒன்றின் ஓரம் நிறுத்தினேன். இறங்கவில்லை. கண்ணாடியைத் திறந்துவிட, தேனீக்களின் இரைச்சல் உள்ளே வந்தது.

"நீர் ஓடேக்கை எனக்குப் பயமில்லை" என்றா.

"பெரியண்ணை ஓடினா?"

அவ சேலைத் தலைப்பை விரலில் சுற்றினா. 

"அவருக்கு வலக்கண் பக்கவாட்டிலை தெரியாது. கண்ணிலை பிறஷர். மாரிக்கு முந்தியே டாக்குத்தர் சொன்னவர், இன்னும் சோதினை செய்யவேணும், அதுமட்டும் கார் ஓடவேண்டாம் எண்டு. இவர் சோதினைக்குப் போகவே இல்லை. ஆருக்கும் சொன்னா என்னோடை கதைக்கமாட்டன் எண்டவர்."

எனக்கு அந்தச் சைக்கிள்காரன் வயலுக்குள் இறங்கியது கண்ணுக்குள் வந்தது. அவனுக்கு வயது பதினைந்துக்கு மேல் இராது.

"ஆருக்கும் தெரியாதோ, அக்கா?"

"சிவத்துக்குத் தெரியும். இவரே சொன்னவர்."

கோபத்தை நான் அதுவரை பலவிதமாகப் பட்டிருக்கிறேன். இது வேறு. உடம்பு சூடாகவில்லை. குளிர்ந்தது. எனக்கு அருகில் படுத்து எழும்புகிற மனிதர், கண் தெரியாதவரின் கையில் என் உயிரையும் அக்காவின் உயிரையும் றோட்டில் போகிற பிள்ளைகளின் உயிரையும் கொடுத்துவிட்டு, "சரியான ஒடுக்கம்" என்று சொல்லிக்கொண்டு முன்னால் இருந்திருக்கிறார்.

சதுக்கத்தில்

சிவத்தை மட்டும் தனியே கூப்பிட்டேன்.

"அவருக்குக் கண் தெரியாதெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

அவர் யார் சொன்னது என்று கேட்கவில்லை.

"கொஞ்சம் தெரியாது. முழுக்க இல்லை. ஓடவேண்டாம் எண்டு நான் என்னெண்டு அவருக்குச் சொல்லுறது? அண்ணையெல்லோ."

"நான் செத்திருந்தாலும் அண்ணையெல்லோ எண்டிருப்பியளோ?"

 வண்டியின் திறப்புக்கொத்து என் கையில் இருந்தது. "இனி நான்தான் ஓடுவன். விருப்பமான ஆக்கள் ஏறலாம்" என்றேன். இதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

பெரியண்ணை தன் பையை எடுத்துத் தோளில் போட்டார். "பொம்பிளையின்ரை ஓட்டத்திலை போற அளவுக்கு நான் வரேல்லை. லிஸ்பனுக்கு பஸ் இருக்கும். மணி, இறங்கு."

மணி அக்கா கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினா. "என்னாலை பஸ் ஏறி இறங்க ஏலாது. முழங்கால் விடாது. நீங்கள் போங்கோ, நான் பவாவோடை வாறன்."

முழங்காலில் ஒரு குறையும் இல்லை. அது அந்த இடத்தில் நின்ற நாலு பேருக்கும் தெரியும்.

சிவம் என்னையும் பார்த்தார், அண்ணரையும் பார்த்தார். பிறகு வண்டிக்குள் ஏறித் தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். "அவரைத் தனிய விட ஏலாது" என்றார். இது எனக்கு இன்னும் ஆறவில்லை. இதை எழுதும்போதும் எழுத்து கோணுகிறது.

மிச்ச நாட்கள் நானும் மணி அக்காவும் வடக்கு நோக்கிப் போனோம். ஆற்றங்கரையில் நிறுத்தினோம். கிராமத்துச் சந்தையில் பாணும் ஆட்டுப்பால் சீஸும் வாங்கித் தின்றோம். சோறு ஒருநாளும் சமைக்கவில்லை. ஒரு மலைச்சரிவில் செர்ரி மரங்கள் பூத்திருந்ததைப் பார்த்து அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லி, கீழே இறங்கி, ஒன்றும் பேசாமல் மரத்துக்கு மரம் நடந்தா. நான் ஆசைப்பட்ட பயணம் அதுதான். ஆனால் அதற்குள்ளும் கோபம் கூட வந்தது. நல்ல காட்சி ஒன்று வரும்போதெல்லாம் பக்கத்தில் இல்லாத மனிதரை மனதில் ஏசினேன்.

லிஸ்பன் விமான நிலையத்தில் சிவம் வந்து என் பெட்டியைத் தூக்கினார். "அண்ணையோடை வடிவாக் கதைச்சிட்டன். இனி அவர் ஓடமாட்டார்" என்றார். நம்பினேன்.

ரொக்ஸ்பரோவில் ஒரு மத்தியானம்

கோடை தொடங்கிய ஞாயிறு ஒன்றில் பெரியண்ணையின் மகள் யாழினி பிள்ளைகளோடு ரொறொன்ரோவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பக்கத்து வீட்டுக் குணமும் மனைவியும் இருந்தார்கள். பிள்ளைகள் கீழே ஆங்கிலத்தில் கத்திக்கொண்டு ஓடினார்கள். நான் இறால் குழம்பு பரிமாறிக்கொண்டிருந்தேன்.

சிவம் போர்த்துக்கல் கதையைத் தொடங்கினார். ஒழுங்கை வந்தது, சுவர் வந்தது, ஊர்ச்சனம் வந்தது.

"பேந்து என்ன, அண்ணை பழைய லொறிக்காரனெல்லோ. ஒருமாதிரி ஆட்டி ஆட்டி எடுத்திட்டார்."

எல்லோரும் சிரித்தார்கள். குணம், "பழைய கை பழைய கைதான்" என்றார். என் கையில் அகப்பை இருந்தது. இதையும் விழுங்கியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பழக்கம் அப்படி.

யாழினி சிரித்துக்கொண்டே சொன்னாள், "அப்பா நல்ல ட்றைவர். இவையளை ஒவ்வொரு நாளும் ஸ்கூலுக்கு ஏத்தி இறக்கிறது அவர்தான். எனக்கு வெள்ளன வேலையெல்லோ."

நான் சிவத்தைப் பார்த்தேன். அவர் இறால் கோதை ஒதுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு இது தெரிந்திருக்கிறது.

அகப்பையைச் சட்டிக்குள் வைத்தேன்.

"யாழினி, வண்டியை எடுத்தது நான். கொப்பருக்கு வலக்கண் பக்கத்திலை தெரியாது. டாக்குத்தர் ஓடவேண்டாம் எண்டு போன வருசமே சொன்னவர். சித்தப்பாவுக்கும் தெரியும்."

"பவானி, சாப்பிடேக்கை இதென்ன கதை" என்றார் சிவம்.

"பிள்ளையள் ஏறுற கார். எப்ப கதைக்கச் சொல்லுறியள்?"

யாழினியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்று, பிறகு வழிந்து போனது. "சித்தப்பா?" என்றாள்.  அவள் கையைக்கூடக் கழுவாமல் இடக்கையால் ரெலிபோனை எடுத்துத் தாய்க்கு அடித்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள்.

"அம்மா, அப்பாக்குக் கண் தெரியாதோ?"

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம். குழாய் நின்றது.

"ஓம், பிள்ளை" என்றா மணி அக்கா. பிறகு, "சித்தியோடை கோவிக்காதை. அவவுக்குச் சொன்னது நான்தான்."

பிறகு

யாழினி அன்றைக்கே புறப்பட்டாள். தகப்பனுடைய கார்த் திறப்பை வாங்கி, விடாப்பிடியாகக் கண் சோதினைக்கும் கூட்டிப்போய்விட்டாள் என்று அடுத்த கிழமை அறிந்தோம். பெரியண்ணை எனக்குச் சொல்லியனுப்பினார்: நான் குடும்பத்தை உடைத்தவளாம், செத்தாலும் தன் வீட்டுப் படி ஏறக்கூடாதாம். மணி அக்காவோடு அவர் பல நாள் கதைக்கவில்லை. "வீடு அமைதியா இருக்கு" என்று அக்கா ரெலிபோனில் சொன்னா. கவலையாகச் சொன்னாவா என்று எனக்குப் பிடிபடவில்லை.

சிவம் கீழ் அறைக்குப் போய்ப் படுத்தார். சாப்பாட்டுக்கு மேலே வருவார், தட்டைக் கழுவி வைப்பார், இறங்கிப் போவார். நான் சமாதானம் சொல்லப் போகவில்லை. நான் பிழை செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அது தெரிந்தாலும் வெறும் வீட்டில் தனியே தேத்தண்ணி குடிப்பது சுகமான காரியமல்ல. அதற்கும் சேர்த்து அவர் மேல் கோபம் வந்தது.

இலையுதிர் காலத்தில் ஒரு காலமை, நான் குசினியில் நிற்க, தேத்தண்ணிக் கோப்பையோடு மேலே வந்தார்.

"அண்ணைக்கு ஒப்பரேசன் முடிஞ்சுது" என்றார். "வலப்பக்கம் போனது போனதுதானாம். மற்றக் கண்ணும் பழுதாகத் தொடங்கியிருந்ததாம். அதைக் காப்பாத்திப்போட்டினம்."

"நல்லது" என்றேன்.

அவர் கதிரையை இழுத்து இருந்தார். வெளியே பக்கத்து வீட்டுக் குணம் இலை கூட்டிக்கொண்டிருந்தார். சிவம் கோப்பையை மேசையில் வைத்தார்.

"நீர் அண்டைக்குச் சொல்லாமல் விட்டிருந்தா..." என்று தொடங்கினார்.

நான் அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பி, அவர் முகத்தைப் பார்த்து நின்றேன். அவர் தொண்டையைச் செருமினார். பிறகு எழும்பி, தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

அந்த வசனத்தை அவர் இன்னும் முடிக்கவில்லை. மிச்சத்தை அவருக்காக நான் சொல்லிக் கொடுக்கப்போவதில்லை.